கூரைச் சோலரும் மின்சார சபையும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரையில் சோலர் பூட்ட யோசிப்பவர்களும், பூட்டிவிட்டு இன்வேற்றரில் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் குடாநாட்டில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பெரும்பாலானவை பனலைப் பற்றிய கேள்விகள்போலத் தொடங்கும். பதிலோ அநேகமாக வீட்டு வாசலில் ஓடும் லைனில்தான் இருக்கும்.

1. சோலர் பூட்டினால் கரண்ட் பில்லே வராதாமே, உண்மையோ?

பனல் தருவது நேர்மின். இன்வேற்றர் அதை 230 வோல்ற், 50 ஹேட்ஸ் ஆடல்மின்னாக மாற்றுகிறது. பகலில் வீட்டில் ஓடும் சாமான்கள் அதை முதலில் எடுத்துக்கொள்ளும், மிஞ்சுவது மீற்றர் வழியாக லைனுக்குப் போகும். இரவில் வழக்கம்போல லைனில் இருந்து எடுப்பீர்கள். இதற்காகச் சபை பழைய மீற்றரைக் கழற்றிவிட்டு, எடுத்ததையும் கொடுத்ததையும் தனித்தனியாக எண்ணும் மீற்றரைப் பூட்டும்.

பில் வராமல் விடாது. மாதாந்த நிலையான கட்டணம் இருக்கும். மிஞ்சிய யூனிற்றுகளுக்கு என்ன நடக்கும் என்பது நீங்கள் எந்தத் திட்டத்தில் ஒப்பமிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

2. நெற் மீற்றரிங், நெற் அக்கவுண்ரிங், நெற் பிளஸ் எண்டு மூண்டு சொல்லுறாங்கள். ஆருக்கு எது?

நெற் மீற்றரிங் 2010 இல் வந்தது. கொடுத்த யூனிற்றை எடுத்த யூனிற்றில் கழிப்பார்கள். மிஞ்சினால் அடுத்த மாதத்துக்குக் கடனாக நிற்கும், காசு கிடையாது. 2016 செப்ரெம்பரில் தொடங்கிய சூரியபல சங்க்ராமய திட்டத்தோடு மற்ற இரண்டும் சேர்ந்தன. நெற் அக்கவுண்ரிங்கிலும் கழிவு அதேபோலத்தான், ஆனால் மிஞ்சிய யூனிற்றுக்குச் சபை காசு தரும். நெற் பிளஸில் கூரையில் உற்பத்தியாவது முழுவதும் தனி மீற்றர் வழியாக லைனுக்குப் போகும். நீங்கள் பாவிப்பதற்கு வேறாகப் பில் வரும்.

மாதம் எடுக்கும் அளவுக்கே பூட்டுகிறவருக்கு நெற் மீற்றரிங் போதும். கூரையில் இடம் இருந்து கூடுதலாகப் பூட்டுகிறவருக்கு நெற் அக்கவுண்ரிங். வீட்டில் ஆளே இல்லாமல் பூட்டிக்கிடக்கும் வீடு, மண்டபம், களஞ்சியம் போன்றவற்றுக்கு நெற் பிளஸ் பொருந்தும். இங்கே வீடுகளில் அதிகம் கேட்கப்படுவது இரண்டாவதுதான், அது நியாயமும்கூட.

3. எங்கட வீட்டுக்கு எத்தினை கிலோவாற் வேணும்?

கடைசி 12 மாதப் பில்லை எடுத்து யூனிற்றுகளைக் கூட்டி 12 ஆல் பிரியுங்கள். நிழல் விழாத கூரையில் ஒரு கிலோவாற் பனல் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிற், மாதத்துக்கு 120 யூனிற் தரும் என்று கணக்கு வைக்கலாம். இது ஆண்டுச் சராசரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாகக் குறையும், பங்குனி, சித்திரையில் கூடும். மாதம் 180 யூனிற் பாவிக்கும் வீட்டின் தேவைக்கு 1.5 கிலோவாற் போதும்.

550 வாற் பனல் ஒன்று சுமார் 2.28 மீற்றர் நீளம், 1.13 மீற்றர் அகலம். 5 கிலோவாற்றுக்கு 9 அல்லது 10 பனல் வரும். நடக்க இடமும் விட்டால் 350 சதுர அடி வேண்டும்.

மேல் எல்லையைத் தீர்மானிப்பது உங்கள் இணைப்பு. ஒற்றைக் கட்டம் (சிங்கிள் பேஸ்) 30 அம்பியர் என்றால் 230 ஐ 30 ஆல் பெருக்க 6.9 கிலோவோல்ற் அம்பியர் வரும். நடைமுறையில் அதில் 5 கிலோவாற் இன்வேற்றர்தான் பூட்டுவார்கள். மூன்று கட்டம் 30 அம்பியரில் 20 கிலோவாற் அளவுக்குப் போகலாம்.

4. ஒரு யூனிற்றுக்கு எவ்வளவு தருவினம்?

ஒப்பந்தம் எழுதிய காலத்து விலைதான் உங்கள் விலை. 2016 இல் வந்தவர்களுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50 ரூபா. 2022 இல் விலை 37 ரூபாவுக்கு ஏறியது, பிறகு இறங்கியது. 2025 இல் அறிவித்த விலையில் 5 கிலோவாற் வரை 20.90 ரூபா, 5 முதல் 20 கிலோவாற் வரை 19.61 ரூபா. கொள்ளளவு கூடக்கூட விலை இறங்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் விலையை வைத்து வங்கிக் கடனுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

உதாரணக் கணக்கு: 5 கிலோவாற் மாதம் 600 யூனிற் தருகிறது. வீட்டுப் பாவனை 150. தேறுவது 450. அதை 20.90 ஆல் பெருக்கினால் 9,405 ரூபா. இதோடு முன்பு கட்டிய பில்லின் மிச்சத்தையும் சேர்த்துத்தான் மாத வருமானத்தைப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் தரும் தாளில் மாதம் 750 யூனிற் என்று இருந்தால், அது எந்த மாதத்தின் கணக்கு என்று கேளுங்கள்.

5. முதல் காசு கட்டுறதோ, முதல் சபைக்குப் போறதோ?

முதலில் சபைக்கு. விற்பனையாளருக்கு முற்பணம் கொடுத்து, பனலும் வந்து இறங்கிய பிறகு லைனில் இடமில்லை என்று தெரியவருவதுதான் இங்கே அதிகம் நடக்கும் வில்லங்கம். கடைசிப் பில்லோடு உங்கள் பகுதி மின் பொறியியலாளர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தை விற்பனையாளரே கொண்டுபோவதும் வழக்கம். அப்படியென்றால் அனுமதி கிடைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

சபை ட்ரான்ஸ்போமரின் கொள்ளளவு, அதில் ஏற்கனவே எவ்வளவு சோலர் ஏறியிருக்கிறது, உங்கள் சேவைக் கம்பியின் தடிப்பு என்பவற்றைப் பார்த்து, மீற்றருக்கும் தேவையான மாற்றங்களுக்கும் மதிப்பீடு தரும். அதைக் கட்டியபின் பூட்டும் வேலை. பூட்டுகிற நிறுவனம் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபையில் பதிந்ததாக இருக்க வேண்டும். முடிந்ததும் பட்டயப் பொறியியலாளர் ஒப்பமிட்ட பரிசோதனை அறிக்கை, ஒப்பந்தம், மீற்றர் மாற்றம், கடைசியாக இயக்கிப் பார்த்தல். மீற்றர் மாற்ற முன்னர் இன்வேற்றரை ஓடவிட வேண்டாம். சில பழைய மின்னணு மீற்றர்கள் வெளியே போவதையும் பாவனையாகவே எண்ணும். நீங்கள் கொடுத்த மின்னுக்கு நீங்களே பில் கட்டுவீர்கள்.

6. பில் அப்புவின்ர பேரில இருக்கு. அவர் செத்து இருவது வரியம். பிரச்சினையோ?

பிரச்சினைதான், ஆனால் தீர்க்கக்கூடியது. ஒப்பந்தம் கணக்கு வைத்திருப்பவரோடுதான் எழுதப்படும், காசும் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போகும். முதலில் கணக்கின் பெயரை மாற்றுங்கள். உறுதி, இறப்புச் சான்றிதழ், மற்றப் பிள்ளைகளின் சம்மதம் என்று கடதாசி வேலை இருக்கும். உறுதி கனடாவில் இருக்கும் அக்காவின் பெயரில் என்றால் அற்றோணித் தத்துவம் தேவைப்படலாம். இந்த வேலை பனல் பூட்டுவதைவிட நீளும். ஆகவே இதைத்தான் முதல் தொடங்க வேண்டும்.

7. ட்ரான்ஸ்போமரில இடமில்லை எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். அதென்ன இடம்?

ஊர்களில் இருப்பவை பெரும்பாலும் 100 அல்லது 160 கிலோவோல்ற் அம்பியர் ட்ரான்ஸ்போமர்கள். மத்தியானம் ஊரில் ஆள் இல்லை, பாவனை குறைவு. அந்த நேரம் 20 வீடுகள் 5 கிலோவாற் வீதம் தள்ளினால் 100 கிலோவாற் ட்ரான்ஸ்போமர் வழியாகப் பின்பக்கம் ஏற வேண்டும். ட்ரான்ஸ்போமர் சுடும், லைனின் வோல்ற்றேஜ் எகிறும். அதனால்தான் ஒவ்வொரு ட்ரான்ஸ்போமருக்கும் எல்லை வைக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை: கொள்ளளவைக் குறைத்து விண்ணப்பித்தல், மூன்று கட்டத்துக்கு மாறுதல், ட்ரான்ஸ்போமர் பெருப்பிக்கும் பட்டியலில் உங்கள் லைன் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டல். வெறும் வாய்ப் பதிலோடு திரும்ப வேண்டாம். விண்ணப்ப இலக்கமும் மறுப்புக்கான காரணமும் கடிதத்தில் இருந்தால்தான் பின்னர் இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறையிட முடியும்.

8. வெயில் கொளுத்துது, கரண்ட் நிண்ட உடனே சோலரும் நிக்குது. பிறகேன் இந்தச் செலவு?

அது பழுதல்ல, கட்டாயம். லைனில் கரண்ட் இல்லையென்று போஸ்ற்றில் ஏறி வேலை செய்யும் ஊழியரை உங்கள் கூரை மின் தாக்கக்கூடாது. லைன் போனதைக் கண்டதும் இன்வேற்றர் 2 செக்கனுக்குள் தன்னைத் துண்டிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. லைன் திரும்பி வந்தாலும் வோல்ற்றேஜும் ஹேட்ஸும் சீராக இருக்கின்றனவா என்று சிறிது நேரம் பார்த்த பின்னர்தான் சேரும். ஒரு சில நிமிடம் சும்மா நின்றால் அவசரப்பட்டு யாரையும் அழைக்க வேண்டாம்.

9. அப்ப பற்றறி வைச்சால் கரண்ட் நிக்காதோ?

ஹைபிரிட் இன்வேற்றரும் பற்றறியும் இருந்தால், லைனைத் துண்டித்துவிட்டு வீட்டின் ஒரு பகுதிக்கு மட்டும் மின் தரலாம். அந்தப் பகுதியைத் தனிப் பெட்டியில் பிரித்து வயர் போட வேண்டும். முழு வீட்டையும் அதில் போட்டால் அயன்பொக்ஸ் ஒன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

6 எல்.இ.டி. பல்ப், 2 காற்றாடி, இணைய ரவுற்றர், ஒரு பிரிட்ஜ் சேர்ந்து சராசரியாக 240 வாற் அளவு எடுக்கும். 5 யூனிற் லித்தியம் பற்றறியில் 4.5 யூனிற் பாவிக்கலாம் என்றால் 18 மணித்தியாலம் ஓடும். கிணற்று மோட்டர் வேறு கதை. ஒரு குதிரைவலு மோட்டர் தொடங்கும்போது ஓடும் கரண்டின் 5, 6 மடங்கு இழுக்கும், சிறிய இன்வேற்றர் அதில் விழுந்துவிடும். தாங்கியை லைன் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள்.

நாட்டின் மின் தேவை உச்சத்துக்குப் போவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. அந்த நேரத்தில் பற்றறியிலிருந்து லைனுக்குத் தருபவர்களுக்குக் கூடிய விலை கொடுக்கும் கொள்கை வந்திருக்கிறது. பகலில் விற்பதற்கான பழைய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இரவில் தள்ள முடியாது. அதற்கு வேறு அனுமதி, வேறு மீற்றர் ஒழுங்கு.

10. ஜெனரேற்றர் போட்டால் இன்வேற்றர் அதை லைன் எண்டு நினைச்சு ஓடுமாமே? அப்பிடிச் செய்யலாமோ?

செய்யக்கூடாது. சில ஜெனரேற்றர்களின் வோல்ற்றேஜும் ஹேட்ஸும் சீராக இருந்தால் இன்வேற்றர் ஏமாந்து சேர்ந்துவிடும். வீட்டுப் பாவனை 800 வாற், சோலர் 4,000 வாற் என்றால் மிச்சம் ஜெனரேற்றருக்குள் போகும். எஞ்சின் வேகம் எகிறும், வோல்ற்றேஜ் எகிறும், பிரிட்ஜும் தொலைக்காட்சியும் எரியும். ஜெனரேற்றருக்கு மாற்றுச் சுவிச் கட்டாயம், அந்தச் சுவிச் ஜெனரேற்றர் பக்கம் இருக்கும்போது சோலர் முற்றாகப் பிரிந்திருக்க வேண்டும்.

11. மத்தியானத்தில இன்வேற்றர் நிண்டு நிண்டு வேலை செய்யுது. பூட்டினவை சபையில பிழை எண்டினம், சபை பூட்டினவையில பிழை எண்டுது.

குடாநாட்டில் அதிகம் காணும் முறைப்பாடு இது. மேட்டில் இருந்தால்தான் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அதேபோல, மின்னை லைனுக்குத் தள்ள உங்கள் வீட்டு வோல்ற்றேஜ் லைனைவிடக் கூட இருக்க வேண்டும். எவ்வளவு கூட என்பதைக் கம்பியின் நீளமும் தடிப்பும் தீர்மானிக்கும்.

ட்ரான்ஸ்போமரில் இருந்து 600 மீற்றர் தள்ளி, 70 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கேபிள் லைனில் ஒற்றைக் கட்ட வீடு என்று வைப்போம். போகவர மொத்தத் தடை ஏறத்தாழ 0.64 ஓம். 5 கிலோவாற் என்றால் 22 அம்பியர். உயர்வு 14 வோல்ற். போஸ்ற்றில் இருந்து வீட்டுக்கு 40 மீற்றர், 16 சதுர மில்லிமீற்றர் சேவைக் கம்பி என்றால் இன்னும் 3 வோல்ற். ட்ரான்ஸ்போமரடியில் 238 இருந்தால் உங்கள் வீட்டில் 255. சபை தர வேண்டியது 230 இல் 6 வீதம் கூடக்குறைய, அதாவது 216 முதல் 244 வரை. இன்வேற்றர்கள் வழமையாக 253 அளவில் நின்றுவிடும். பக்கத்து வீடுகளும் அதே கட்டத்தில் தள்ளினால் இன்னும் கெதியில் நிற்கும்.

முதலில் வீட்டுப் பக்கம்: மீற்றரடி, பிறேக்கர், இன்வேற்றர் முனை எல்லாவற்றிலும் திருகாணி இறுக்கமா என்று மின்னியலாளரைக் கொண்டு பாருங்கள். தளர்ந்த ஒரு நியூற்றல் மட்டுமே பல வோல்ற் காட்டும். இன்வேற்றரில் இருந்து மீற்றருக்குப் போகும் வயர் நீளம் என்றால் தடித்த வயர் போடுங்கள். பிறகு இன்வேற்றரின் பதிவில் இருந்து ஒரு கிழமைக்கு நேரத்தோடு வோல்ற்றேஜை எடுத்து, எழுத்தில் சபைக்குக் கொடுங்கள். சபையால் உங்களை வேறு கட்டத்துக்கு மாற்றலாம், ட்ரான்ஸ்போமரில் வோல்ற்றேஜை ஏற்றி இறக்கும் படியை மாற்றலாம், லைனைப் பிரிக்கலாம். எல்லாவற்றையும்விடப் பலன் தருவது மூன்று கட்டம். அதே 5 கிலோவாற் கட்டத்துக்கு 7 அம்பியராகப் பிரியும், நியூற்றலில் ஓட்டம் இல்லை, லைனின் உயர்வு 14 இல் இருந்து 2 வோல்ற் அளவுக்கு இறங்கிவிடும்.

ஒன்று மட்டும் வேண்டாம். சிலர் இன்வேற்றரின் எல்லையை 265 க்கு ஏற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று போவார்கள். சோலர் ஓடும். உங்கள் பல்ப்பும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் ஒவ்வொன்றாகப் போகும். அனுமதித்த அமைப்பை மாற்றியது ஒப்பந்த மீறலும்கூட.

12. மழை பெய்த அடுத்தநாள் காலமை இன்வேற்றர் எழும்பாது, பத்து மணிக்குப் பிறகு தானா ஓடுது. ஏன்?

பனல் பக்க வயரில் இருந்து நிலத்துக்குக் கசிவு இருக்கிறது. ஈரத்தில் கூடும், காய்ந்ததும் குறையும். தானாகச் சரியாகிறது என்று விடக்கூடாது. பனலுக்குக் கீழே ஓட்டில் கிடக்கும் இணைப்பி, வேறு வேறு கம்பனி ஆணும் பெண்ணுமாகச் சோடி சேர்த்த இணைப்பி, அணில் கடித்த வயர் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் அநேகமாக இருக்கும். வயர்களை ஓட்டில் படாமல் சட்டத்தோடு கட்டச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பியைக் கழற்ற வேண்டாம். நேர்மின் பொறி தானாக அணையாது, கையையும் கூரையையும் எரிக்கும்.

13. ட்றிப் சுவிச் அடிக்கடி விழுது. சோலர் பூட்ட முதல் விழேல்லை.

12 இல் சொன்ன கசிவை முதலில் பாருங்கள். அது இல்லையென்றால், சோலரை வீட்டின் 30 மில்லிஅம்பியர் ட்றிப் சுவிச்சுக்குப் பின்னால் கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள். பனல் சட்டத்துக்கும் நிலத்துக்கும் இடையில் இயல்பாகவே ஒரு சிறு கசிவு உண்டு. வீட்டுச் சாமான்களின் கசிவும் சேர்ந்தால் சுவிச் விழும். சோலருக்குத் தனிப் பிறேக்கரும், இன்வேற்றர் கைநூல் சொல்லும் வகையில் தனி ட்றிப் சுவிச்சும் வைத்து, வீட்டுச் சுவிச்சுக்கு முன்பக்கம் சேர்க்க வேண்டும். ட்றிப் சுவிச்சைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கும் வைத்தியத்தை எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எர்த் பற்றியும் ஒரு சொல். கல்லு நிலமான இடங்களில் கம்பி ஓரடி இரண்டடியில் கல்லில் முட்டி நின்றுவிடும், மிச்சத்தை வெட்டி எறிந்துவிடுவார்கள். அளந்து காட்டச் சொல்லுங்கள். 10 ஓமுக்கு மேல் என்றால் இன்னொரு கம்பி தள்ளி அடித்து இணைக்க வேண்டும்.

14. காரைநகர், பருத்தித்துறை மாதிரிக் கடற்கரையில பூட்டினால் எத்தினை வருசம் தாங்கும்?

பனலின் கண்ணாடி தாங்கும், தாங்காதது சட்டமும் திருகாணியும். உப்பு ஈரத்தில் அலுமினியமும் சாதாரண இரும்பும் ஒட்டினால் அலுமினியம் அரிக்கும். 316 தரத் துருப்பிடிக்காத திருகாணிகள், இரும்புத் தாங்கி என்றால் சூட்டில் நாகம் தோய்த்தது, பனல் உப்புப் பனிச் சோதனையான ஐ.ஈ.சி. 61701 தேறியது என்று விலைப்பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். இன்வேற்றரைக் கடல் பார்த்த சுவரில் பூட்ட வேண்டாம்.

15. தெற்குப் பக்கக் கூரை எங்களுக்கில்லை. கிழக்கு, மேற்குத்தான். பக்கத்தில பனையும் நிக்குது.

யாழ்ப்பாணம் 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரை நடுப்பகுதியில் இருந்து ஆவணி வரை மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். ஆகவே 10 பாகை அளவு சரிவில் கிழக்கோ மேற்கோ பார்த்தாலும் இழப்பு சிறியதுதான். மழைநீரும் தூசும் வழிய அந்தச் சரிவு வேண்டும். ஓட்டுக் கூரை அதைவிடச் சரிவு கூடியது. அதில் கிழக்குப் பனல்களையும் மேற்குப் பனல்களையும் ஒரே தொடரில் சேர்க்காமல் இன்வேற்றரின் இரண்டு உள்ளீடுகளுக்குப் பிரித்துவிடுங்கள்.

பனைதான் பெரிய கேள்வி. ஒரு பனலின் மூலையில் விழும் ஓலை நிழல் அந்தத் தொடர் முழுவதையும் இழுத்துவிடும். காலை 9 முதல் பின்னேரம் 3 வரை நிழல் விழும் இடத்தில் பனல் வேண்டாம், இரண்டு பனல் குறைத்துப் பூட்டுவதே இலாபம். அதற்காக மரத்தைத் தறிக்க ஓடவும் வேண்டாம், பனை தறிக்க அனுமதி வேண்டும்.

கல்நார்ச் சீற் கூரை என்றால் சீற்றில் துளைத்துப் பூட்டாமல், கீழே மரத்திலோ இரும்பிலோ தாங்கி இறக்க வேண்டும். கார்த்திகை, மார்கழிப் புயல் பனலைக் கீழே இருந்து தூக்கும். பாரத்தைவிட அந்தத் தூக்கலுக்குத்தான் தாங்கி தேவை.

16. கிணத்துத் தண்ணியால கழுவலாமோ?

எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய நீர். காய்ந்தால் வெள்ளைப் படை பிடிக்கும், பிறகு துணியால் போகாது. மழைநீர் அல்லது வடித்த நீர் நல்லது. கிணற்று நீர்தான் உண்டென்றால் கழுவிய உடனே ரப்பர்த் தகட்டால் இழுத்துவிடுங்கள். விடியற்காலையில், பனல் சூடேற முதல். காக எச்சத்தைக் காய விடாதீர்கள், அந்த இடம் உள்ளே சுட்டுப்போகும்.

17. அப்பில 612 யூனிற் காட்டுது, பில்லில 540 தான் குடுத்ததா இருக்கு. மிச்சம் எங்க?

கைபேசி அப் காட்டுவது இன்வேற்றர் உற்பத்தி செய்தது. பில் காட்டுவது வெளியே போனது. இடையில் உள்ள 72 யூனிற்றை வீடு பகலில் பாவித்துவிட்டது. நெற் பிளஸில் மட்டும் இரண்டும் கிட்டத்தட்டச் சமனாக இருக்க வேண்டும். மீற்றர் வாசித்த திகதியும் அப்பின் மாத முதலாம் திகதியும் வேறு என்பதையும் பாருங்கள். இவற்றைக் கழித்த பிறகும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் மீற்றரின் இரண்டு வாசிப்பையும் படமெடுத்து முறையிடுங்கள். சபையின் அழைப்பு இலக்கம் 1987.

18. சோலரை நிப்பாட்டச் சொல்லிச் சபை செய்தி அனுப்பினது. நாங்கள் காசு போட்டுப் பூட்டினது, ஏன் நிப்பாட்ட வேணும்?

2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் இருண்டது நினைவிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறுதான் தொடக்கம், அதற்குக் காரணம் ஒரு குரங்கு என்று அமைச்சர் சொல்லப்போய் ஊரெல்லாம் சிரித்தது. சிரிப்புக்குள் விடுபட்ட விடயம் இது: ஞாயிறு, பாவனை குறைவு, வெயில் நல்லது, லைனில் சோலரின் பங்கு பெரிது. நீர், அனல் நிலையங்களின் பாரமான சுழலிகள் கோளாறு வரும் கணத்தில் தம் சுழற்சியால் 50 ஹேட்ஸைப் பிடித்து நிறுத்தும். சாதாரணக் கூரை இன்வேற்றருக்கு அந்தச் சுழற்சி இல்லை. ஹேட்ஸ் கீழே விழ, இன்வேற்றர்களும் கூட்டமாகப் பிரிய, வீழ்ச்சி இன்னும் வேகமானது.

அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பின்னேரம் 3 மணிவரை கூரைச் சோலரை நிறுத்தும்படி சபை கேட்டது இதனால்தான். நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையத்தைக் காலையில் அணைத்து மாலையில் ஏற்ற முடியாது. கோபம் நியாயம்தான். பற்றறியும் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் வசதியும் முன்னரே வந்திருந்தால் இப்படிக் கேட்க வேண்டியிராது. நிறுத்தும்போது முதலில் ஆடல்மின் பிறேக்கர், பிறகு நேர்மின் சுவிச். இணைப்பியைக் கழற்றி நிறுத்த வேண்டாம்.

19. எங்கட பக்கம் காத்து நல்லாத்தானே. வீட்டில காத்தாலை பூட்டேலாதோ?

காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் மின் எட்டில் ஒன்றாகும். மன்னாரில் சபையின் தம்பபவனி, 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாற், நன்றாக ஓடுவது உயரத்தாலும் திறந்த வெளியாலும். பளையிலும் அப்படித்தான். வீட்டுக் கூரையில் 6 மீற்றர் உயரத்தில், பனைக்கும் தென்னைக்கும் நடுவில் வருவது குழம்பிய காற்று. அதில் சிறிய காற்றாலை சத்தம் போடும், மின் தராது. அதே காசுக்குப் பனல் போடுங்கள்.

20. நெடுந்தீவில, நயினாதீவில பூட்டினாலும் இதே விதிதானோ?

அவை தேசிய லைனோடு சேராத தனி வலைகள். சபை டீசல் எஞ்சின் ஓட்டி மின் கொடுக்கும் இடங்கள். அங்கே ஒரு முகில் வந்தால் 20 கிலோவாற் குறைவதைக்கூட எஞ்சின் உணரும். ஆகவே தனித்தனிக் கூரைகளைவிட, சபையே நடத்தும் கலப்பு நிலையம்தான் பொருத்தம். எழுவைதீவில் சூரியகலமும் காற்றாலையும் பற்றறியும் டீசலும் சேர்ந்த சிறு வலை முன்னரே வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மொத்தம் 1,700 கிலோவாற் சோலர், 530 கிலோவாற் காற்று, 2,400 யூனிற் பற்றறி, துணைக்கு 2,500 கிலோவாற் டீசல். இத்தீவுகளில் உள்ளவர்கள் எதற்கும் விண்ணப்பிக்க முன்னர் 5 இல் சொன்ன அலுவலகத்தில் கேளுங்கள்.

21. தோட்டத்தில வெங்காயத்துக்கு இறைக்கிற மோட்டரை சோலரில விடலாமோ?

தோட்டக் கிணற்றடியில் லைன் இல்லையென்றால், பனலில் நேராக ஓடும் நேர்மின் பம்பி போதும். சபை அனுமதி தேவையில்லை, பற்றறியும் தேவையில்லை, வெயில் உள்ளபோது இறைத்தால் சரி. எங்கள் கிணறுகளில் கோடையில் நீர் ஊற நேரமெடுக்கும். மெதுவாக நாள் முழுவதும் இறைக்கும் சிறிய பம்பி அதற்குப் பொருந்தும். வேகமாக இழுக்கும் பெரிய பம்பி கிணற்றை வற்றடிக்கும், கடற்கரைப் பக்கம் உவரையும் ஏற்றும்.

22. 2017 இல 3 கிலோவாற் பூட்டினது. இன்னும் 2 பூட்டினால் பழைய விலைதானே?

இல்லை. பழைய ஒப்பந்தத்தின் விலை அதில் எழுதிய கொள்ளளவுக்குத்தான். கூட்டுவதற்குப் புதிதாக விண்ணப்பம் வேண்டும், புதிய விலை வரும், 7 இல் சொன்ன ட்ரான்ஸ்போமர்ச் சோதனையும் திரும்ப வரும். சொல்லாமல் இரண்டு பனலைச் சேர்த்துவிட்டால் மாத யூனிற் திடீரென்று ஏறுவது பில்லிலேயே தெரியும், முழு ஒப்பந்தமும் ஆபத்தில் விழும். 2017 காரருக்கு 7 வருடம் முடிந்து விலை 22 இல் இருந்து 15.50 க்கு இறங்கியிருக்கும். அது சபையின் பிழையல்ல, முதல் நாளே எழுதியிருந்தது.

23. சபையை உடைச்சுக் கம்பனியாக்கினமாம். எங்கட இருவது வருச ஒப்பந்தம் என்னாகும்?

2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் பிறப்பாக்கம், கடத்தல், விநியோகம் என்பவற்றைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க வழி செய்தது. சபையின் ஒப்பந்தங்கள் அதன் இடத்துக்கு வரும் நிறுவனத்தின் கைக்குப் போகும் விதமாகவே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் வேலை கடதாசிகளைப் பத்திரப்படுத்துவது: ஒப்பமிட்ட மூலப்பிரதி, அனுமதிக் கடிதம், பட்டயப் பொறியியலாளரின் அறிக்கை, மீற்றர் மாற்றிய நாளின் வாசிப்பு. வீட்டை விற்கும்போதும் இவைதான் வாங்குகிறவருக்குப் போக வேண்டும். வாங்குகிறவர் 6 இல் சொன்னபடி கணக்கைத் தன் பெயருக்கு மாற்றி, ஒப்பந்தத்தையும் மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பிக்கும்வரை காசு பழைய பெயருக்கே போய்க்கொண்டிருக்கும்.